ம்ம்ம்னு ஒரு சத்தம்

மாமா: மாப்ளே, ஆம்ப்ளிஃபயர்ல ஐசி, அதான் அந்த சிப்பு, போயிருச்சு. என்ன நம்பர் ஐசி வாங்கணும்னு மட்டும் சொல்லு, மத்தத நான் பாத்துக்கறேன்.

மருமகன்: ஐசி போயிருச்சுன்னு யாரு மாமா சொன்னா?

மாமா: யாரு சொல்லணும்? சத்தத்த வெச்சே தெரியுதே.

மருமகன்: என்ன சத்தம்?

மாமா: ம்ம்ம்ம்...

மருமகன்: மெதுவா யோசிச்சே சொல்லுங்க.

மாமா: யோசிக்கலப்பா, அதான் சத்தம். ம்ம்ம்ம்.

மருமகன்: சரி. பாட்டு ஓடாதப்பவும் வருதா?

மாமா: ம்.

மருமகன்: இது சத்தமா, பதிலா?

மாமா: பதில்.

மருமகன்: வால்யூமைக் கூட்டினா அதுவும் சேந்து கூடுதா?

மாமா: ம்ம்ம்.

மருமகன்: மாமா, இனிமே ‘ஆமா’ன்னே சொல்லுங்க. ‘ம்’மை ஆம்ப்ளிஃபயருக்கு விட்டுக் குடுத்துருங்க.

மாமா: ஆமா, கூடுது. போதுமா?

மருமகன்: அப்பக் கோளாறு வால்யூமுக்கு முன்னாடி எங்கயோ இருக்கு. வால்யூம் சுத்தமா குறைச்சும் அதே அளவு வந்தாத்தான், உள்ள கரண்ட்டைச் சீராக்குற பவர் சப்ளை கெபாசிட்டர் மேல சந்தேகப்படணும். ஐசி பேச்சே இங்க வரல. பெட்டிக்குப் பின்னாடி போயி, உள்ள வர்ற ஒயரைக் கழட்டிட்டு, சத்தம் நிக்குதான்னு பாருங்க.

மாமா: இரு... நின்னுருச்சு! சுத்தமா நின்னுருச்சு மாப்ளே!

மருமகன்: எந்த ஒயரைக் கழட்டினீங்க?

மாமா: கறுப்பா, தடியா ஒண்ணு.

மருமகன்: முன்னாடி லைட் எரியுதா?

மாமா: இல்லையே.

மருமகன்: அது கரண்ட் ஒயர்.

மாமா: இரைச்சல் நின்னுச்சா இல்லையா, அதச் சொல்லு.

மருமகன்: நின்னுச்சு மாமா. இனி அந்தப் பெட்டியால எந்தத் தொந்தரவும் வராது. இப்ப அதைத் திரும்ப சொருகிட்டு, டிவில இருந்து வர்ற சிவப்பு வெள்ளை ஒயரைக் கழட்டுங்க.

மாமா: ...அட, இப்பவும் இல்ல. லைட்டும் எரியுது.

மருமகன்: டிவி பிளக் எங்க, ஆம்ப்ளிஃபயர் பிளக் எங்க?

மாமா: அது அந்தச் சுவத்துல, இது இந்தச் சுவத்துல.

மருமகன்: அதான். ரெண்டும் வேற வேற வழியா எர்த்துக்குப் போகுது, நடுவுல ஆடியோ ஒயர் ரெண்டையும் சேத்து ஒரு வளையம் ஆக்கிருது. அந்த வளையத்துல கரண்ட்டோட 50 ஹெர்ட்ஸ் ஏறி வந்து உங்களுக்குப் பாடுது. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ரெண்டையும் சொருகி, சிவப்பு வெள்ளையையும் திரும்ப மாட்டுங்க. அப்பவும் வந்தா டிவிக்கு வர்ற கேபிளைக் கழட்டிப் பாப்போம்.

மாமா: அதுக்கு எதுக்கு இவ்வளவு? பிளக்ல மூணாவது காலை உடைச்சு விட்டா சத்தம் நின்னுரும்னு ஒருத்தர் சொன்னாரே.

மருமகன்: நிக்கும். அப்புறம் ஒரு நாள் பெட்டில கரண்ட் கசிஞ்சா நீங்களும் நின்னுருவீங்க. அந்தக் கால் பாட்டுக்காக வெச்சது இல்ல மாமா, உங்களுக்காக வெச்சது.

மாமா: சரி சரி, உடைக்கல. ஒரே பாக்ஸ்ல போட்டாச்சு, சத்தம் இல்ல. ஆனா இடது பக்க ஸ்பீக்கர் செத்துருச்சு.

மருமகன்: எப்ப?

மாமா: நேத்தே.

மருமகன்: நேத்து என்ன பண்ணீங்க?

மாமா: நான் ஒண்ணுமே பண்ணல.

(ரிப்பேர் வேலை தெரிந்தவர்கள் இந்த வாக்கியத்தைக் கேட்டதும் அடுத்ததாக ஸ்க்ரூடிரைவர் எங்கே என்றுதான் தேடுவார்கள்.)

மருமகன்: மேல் மூடி ஸ்க்ரூ எத்தனை இப்பக் கையில இருக்கு?

மாமா: ரெண்டுதான். மிச்சம் வரல.

மருமகன்: வராம இருக்குறது நல்லது. உள்ள இருக்குற பெரிய கெபாசிட்டர் பிளக்கைப் புடுங்கின அப்புறமும் கொஞ்ச நேரம் கரண்ட்டப் பிடிச்சு வெச்சிருக்கும். போட்டு மூடுங்க. ஸ்பீக்கர் செத்துருச்சுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?

மாமா: நானும் விவரம் தெரிஞ்சவன்தான்பா. ஸ்பீக்கர் ஒயரை இடம் வலம் மாத்திப் பாத்தேன். அப்பவும் அதே ஸ்பீக்கர்தான் ஊமை. ஸ்பீக்கர் காலின்னு அப்பவே தெரிஞ்சுருச்சு.

மருமகன்: பரவாயில்லையே, சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. வேற எதையும் தொடலல்ல?

மாமா: வேறெதும் இல்ல. எதுக்கும் இருக்கட்டும்னு சிவப்பு வெள்ளையையும் மாத்திச் சொருகினேன்.

மருமகன்: ரெண்டையும் சேத்தா?

மாமா: ஒரே வேலையா முடிச்சிரலாம்னுதான்.

மருமகன்: ரெண்டையும் சேத்து மாத்தினா, கெட்டது ஸ்பீக்கரா இருந்தாலும் அதே பக்கம் ஊமை, பாட்டு வர்ற ஒயரா இருந்தாலும் அதே பக்கம் ஊமை. நீங்க மாத்தினது மாத்தாததுக்குச் சமம். ஒரு நேரத்துல ஒண்ணு மாமா. ஆஃப் பண்ணிட்டு ஸ்பீக்கர் ஒயரை மட்டும் மாத்துங்க.

மாமா: ...இப்பவும் இடதுதான் ஊமை. வலது பாடுது!

மருமகன்: எது இடது? நீங்க எங்க நிக்கிறீங்க?

மாமா: பெட்டிக்குப் பின்னாடி.

மருமகன்: முன்னாடி வந்து சொல்லுங்க.

மாமா: முன்னாடி வந்தா... செத்துப் போனது பாடுது மாப்ளே.

மருமகன்: அப்ப ஸ்பீக்கருக்கு ஒரு நோவும் இல்ல. டிவி பக்கம் அந்த சிவப்பு வெள்ளை பின் உள்ள முழுசாப் போயிருக்கா?

மாமா: வெள்ளை பாதிதான் போயிருக்கு. இறுக்கமா இருந்துச்சு, உடைஞ்சிருமோன்னு விட்டுட்டேன்.

மருமகன்: பிளக் காலை உடைக்கத் தயாரா இருந்தவரு இதுக்குப் பயந்துட்டீங்களாக்கும். அமுக்குங்க.

மாமா: ரெண்டும் பாடுது! இரு, ஸ்பீக்கர் ஒயரைப் பழையபடி மாத்தி வெச்சுடறேன்... மாப்ளே, இப்ப பேஸே இல்லையே. தகர டப்பா மாதிரி கேக்குது.

மருமகன்: சிவப்பை சிவப்புலதான் போட்டீங்களா?

மாமா: ரெண்டுமே செம்புக் கம்பிதானே, எது எங்க போனா என்ன?

மருமகன்: ஒரு ஸ்பீக்கர் முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்குது. அடிச் சத்தம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுருது. ஒரு பக்கத்துல மட்டும் கம்பியத் திருப்பிப் போடுங்க. பிசிறு ஒண்ணும் பக்கத்துக் கம்பியத் தொடாம முறுக்கிச் சொருகுங்க, தொட்டா நீங்க சொன்ன ஐசி நிஜமாவே போயிரும்.

மாமா: 5000 வாட்ஸ் பெட்டி, இதுக்கெல்லாமா போகும்?

மருமகன்: 5000ன்னு எங்க போட்டிருக்கு?

மாமா: முன்னாடி, தங்கக் கலர்ல. பிஎம்பிஓன்னு.

மருமகன்: பிஎம்பிஓன்னா கண நேர உச்சத்துக்குப் போட்ட விளம்பரக் கணக்கு மாமா. இப்பத்தான் பின்னாடி போயிட்டு வந்தீங்க. அங்க என்ன போட்டிருக்கு?

மாமா: பொடி எழுத்து... 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட்ஸ்.

மருமகன்: 60 உள்ள போயி 5000 எப்படி மாமா வெளிய வரும்?

மாமா: அதுக்குத்தானப்பா ஆம்ப்ளிஃபயர்! பெருக்கிக் குடுக்குறதுதானே அதோட வேலை?

மருமகன்: அது பாட்டைப் பெருக்கும், கரண்ட்டைப் பெருக்காது. பெருக்கினா அந்தப் பெட்டியை வெச்சே வீடு பூரா விளக்கு எரிச்சுட்டு மீட்டரைக் கழட்டிரலாமே. அந்த 60லயும் ஒரு பங்கு சூடாத்தான் போகும். அந்தச் சூடு வெளிய போறதுக்குத்தான் மேல ஓட்டை இருக்கு.

மாமா: ஓட்டையா? அதுல தூசி விழுதுன்னு உங்க அத்தை விரிப்பு போட்டு வெச்சிருக்கா.

மருமகன்: எடுத்துருங்க. விற்கிறவன் முன்னாடி பொய் எழுதறான், சட்டத்துக்குப் பயந்து பின்னாடி உண்மையப் பொடியா எழுதறான். வாங்கறவங்க யாரும் பெட்டியத் திருப்பிப் பாக்கறதில்ல. அடுத்த தடவை ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து குடுக்குற நிஜ வாட்ஸ், எவ்வளவுன்னு கேட்டு வாங்குங்க.

மாமா: அடுத்த தடவை கிடக்கட்டும். 5000 வாட்ஸ்னு எதிர் வீட்டுக்காரர்ட்ட சொல்லித் தொலைச்சுட்டேனே.

மருமகன்: அவருது எவ்வளவாம்?

மாமா: அவருது 8000.

மருமகன்: அப்பப் பயப்படாதீங்க. அவரும் திருப்பிப் பாத்திருக்க மாட்டாரு.