கடன் கொப்பியில் மான்கள்

(திருகோணமலை. பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் ஒரு பலசரக்குக் கடை. மூலையில் கண்ணாடிப் பெட்டி நிறைய றோல்ஸ். காலை ஏழு மணி. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறார். மூச்சுக்கு எடை இருப்பதாக அவர் நம்புகிறார் போலும்.)

முதலாளி: 91 கிலோ 600 கிராம், மாஸ்டர்.

மாஸ்டர்: தராசு பழுது.

முதலாளி: நேற்று இதே தராசில்தான் உங்கள் வீட்டுக்கு அரிசி நிறுத்தேன். அப்போது நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

மாஸ்டர்: சாப்பாட்டைக் குறைத்த முதல் வாரம் 2 கிலோ குறைந்தது, முதலாளி! அதை நம்பிக் கணக்கே போட்டுவிட்டேன். வாரம் 2 கிலோ, வருடத்துக்கு 52 வாரம், ஆக 104 கிலோ.

முதலாளி: இருப்பதே 91. மிச்சத்தை வீட்டுக்கார அம்மாவிடமா கடன் வாங்குவீர்கள்?

மாஸ்டர்: பகிடி விடாதீர்கள். மூன்றாம் வாரத்தில் 600 கிராம் ஏறியிருக்கிறது. கோணேசர் கோயில் வரை தினமும் ஏறி இறங்குகிறேன். வழியில் காண்பவர்கள் எல்லாம், "என்ன மாஸ்டர், ஏதும் வருத்தமா?" என்று கேட்கிறார்கள். மனம் விட்டுப்போகிறது.

முதலாளி: என் சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போனபோது டொக்டர் விளங்கப்படுத்தினார். உடம்பு மாச்சத்தை ஈரலிலும் தசையிலும் சேமிக்கும்போது, அதைப்போல் மூன்று மடங்கு தண்ணீரையும் சேர்த்தே வைக்கிறதாம். சாப்பாட்டைக் குறைத்தவுடன் அந்தச் சேமிப்புக் கரைகிறது, தண்ணீரும் போகிறது. உங்கள் 2 கிலோவில் பெரும்பங்கு அதுதான். கொழுப்பு அவ்வளவு லேசில் கிளம்பாது. ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி.

மாஸ்டர்: நாளுக்கு 500 குறைத்தால்... பதினைந்து நாளுக்கு மேல்! ஒரே ஒரு கிலோவுக்கா?

முதலாளி: நேற்றிரவு என்ன சாப்பாடு?

மாஸ்டர்: பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்சம் பிட்டு, கருவாட்டுக் குழம்பு.

முதலாளி: என் கடைக் கருவாடுதானே? அந்த உப்புத்தான் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஏறியது கொழுப்பல்ல. தினம் தினம் தராசில் ஏறி மனதை நோகடிக்காமல் இப்படி வாருங்கள். கைகளைத் தூக்குங்கள்.

(பொட்டலம் கட்டும் நூலை இழுத்து மாஸ்டரின் தொப்புளைச் சுற்றி அளந்து, முனைகள் சந்தித்த இடத்தில் முடிச்சுப் போட்டு வெட்டுகிறார். நூல் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் செலவாகிறது.)

முதலாளி: இதைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த மாதம் சுற்றிப் பார்ப்போம். முடிச்சுத் தொங்கினால் நல்ல சகுனம்.

மாஸ்டர்: தொங்காவிட்டால்?

முதலாளி: கொப்பியைப் பார்ப்போம். (கடன் கொப்பியைப் புரட்டுகிறார்) திங்கள், இஞ்சி பிஸ்கட் ஒரு பக்கெட். செவ்வாய், இஞ்சி பிஸ்கட் ஒரு பக்கெட். புதன்...

மாஸ்டர்: அது கோட்டை மான்களுக்கு. பாவம், வாயில்லா உயிர்கள்.

முதலாளி: வெள்ளி, ஆட்டிறைச்சி றோல்ஸ் மூன்று.

மாஸ்டர்: ...

முதலாளி: அதுவும் மானுக்கா?

மாஸ்டர்: அன்றைக்கு வந்தது கொஞ்சம் முரட்டு மான்.

முதலாளி: சாப்பிடுவதை எழுதி வைத்தால் எடை குறைவது சுலபம் என்று கிளினிக் நேர்ஸ் பிள்ளையும் சொன்னது. மற்றவர்கள் இனித்தான் கொப்பி வாங்கி எழுத வேண்டும். உங்களுக்கு நான் பல வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்! இனி ஞாயிறுதோறும் வாசித்துக் காட்டுகிறேன்.

மாஸ்டர்: கடையில் ஆட்கள் நிற்கும்போதா?

முதலாளி: அப்போதுதான் பலன் அதிகம்.

மாஸ்டர்: (நெடுநேரம் யோசித்து) முதலாளி, காசு கொடுத்து வாங்கினால் கொப்பியில் ஏறாதல்லவா?

முதலாளி: ஏறாது.

மாஸ்டர்: (சட்டைப்பையைத் துழாவியபடி) றோல்ஸ் சூடாக இருக்கிறதா?