பின்பலகையைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்

சனிக்கிழமை மாலை நடந்ததை நான் இங்கே மறுபடி விவரிக்கப் போவதில்லை. பார்த்தவர்கள் பார்த்துவிட்டீர்கள். பார்க்காதவர்களுக்கு அந்தக் காணொளியை இதற்குள் யாராவது அனுப்பியிருப்பார்கள். எனக்கு அதில் ஒரு கணம்தான் நெஞ்சில் நிற்கிறது. நான் செய்த கிதாரை ஒரு கலைஞர் அரங்கில் கால் மணி நேரம் மடியிலிருந்து இறக்காமல் வாசித்தார். "கீழ்ச் சுரங்கள் எவ்வளவு திரட்சியாக வருகின்றன" என்று வாய்விட்டுச் சொன்னவரும் அவர்தான். பிறகு திருப்பிப் பின்பலகையைப் பார்த்தார். என்ன மரம் என்று கேட்டார். பலா என்றேன். "கட்டில் செய்கிற மரத்திலா கிதார் செய்தீர்கள்?" என்றார். அரங்கம் சிரித்தது. கிதார் என் கைக்குத் திரும்பி வந்துவிட்டது.

பலா என்ற சொல் காதில் விழும்வரை திரட்சியாக ஒலித்த தந்தி, விழுந்த பிறகு எப்படிக் கெட்டுப்போனது? நான்கு நாட்களாக இந்தக் கேள்வியோடுதான் இழைப்புளியைப் பிடிக்கிறேன்.

அரிய மரம் வேறு, நல்ல மரம் வேறு. பதினாறு ஆண்டுகளாகப் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன். ஒரு மரம் காட்டில் குறைந்துபோனதால் அதன் விலை ஏறும். விலை ஏறியதால் அதன் குரல் இனிமையாகிவிடாது.

கிதாரின் குரல் பெரும்பாலும் தந்திகளுக்கு அடியில் இருக்கும் முகப்புப் பலகையில் பிறக்கிறது. அதற்கு ஸ்ப்ரூஸ் அல்லது சீடார் என்ற ஊசியிலை மரங்களைப் போடுகிறோம், ஏனென்றால் அவை எடை குறைந்தவை, நார் ஓடும் திசையில் விறைப்பானவை. ஸ்ப்ரூஸ் பலகை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும்போது அதை இரு விரல் நுனியில் தொங்கவிட்டு முட்டியால் தட்டுவேன். அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் செத்த ஒலி வரும். இழைப்பேன், தட்டுவேன், மறுபடி இழைப்பேன். என் கையிலிருந்த அந்தப் பலகை 2.7 மில்லிமீட்டருக்கு வந்தபோது வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியதுபோலக் கார்வை நீண்டது. அதற்கு மேல் நான்கு சீவல் எடுத்திருந்தால் தொய்ந்துபோயிருக்கும். எங்கே நிறுத்துவது என்பதுதான் என் தொழில். அந்த நான்கு சீவலைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இது என் சொந்தக் கற்பனை என்பவர்களுக்காக ஒரு பழைய கதை. இன்றைய கிளாசிக்கல் கிதாரின் வடிவத்தை நிலைநிறுத்திய ஸ்பெயின் கைவினைஞர் அன்டோனியோ டி டோரஸ், 1862-இல் ஒரு கிதார் செய்தார். முகப்பு ஸ்ப்ரூஸ். பின்புறமும் பக்கங்களும் காகித அட்டை! ஒலியின் உயிர் முகப்பில் இருக்கிறது என்று காட்டவே அப்படிச் செய்தார். பார்சலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் அந்தக் கிதார் இருக்கிறது. டோரஸை யாரும் அட்டைக்காரர் என்று சொல்லிச் சிரிக்கவில்லை.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வும் இருக்கிறது. ஆறு கிதார்கள், எல்லாம் ஒரே அமைப்பு. பின்பலகையும் பக்கங்களும் மட்டும் வேறு வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். 52 கலைஞர்களை மங்கலான அறையில், வெல்டிங் செய்கிறவர்களின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். அவர்கள் தந்த மதிப்பெண்களில் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு, காதில் வரவில்லை. சனிக்கிழமை நடந்ததும் அதே சோதனைதான். கறுப்புக் கண்ணாடி மட்டும் இல்லை.

உடனே சிலர் வருவீர்கள் என்று தெரியும். "அப்படியானால் மரத்துக்கு மரம் வித்தியாசமே இல்லையா?" இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ரோஸ்வுட் கனமானது, அதிர்வைச் சீக்கிரம் விழுங்காது. தட்டினால் கணீரென்று வரும். மகோகனி வேறு மாதிரி. பலாவைப் பக்கங்களுக்காகச் சூட்டுக் குழாயில் வளைத்தபோது அது முரண்டு பிடித்தது, இரண்டு பட்டைகள் என் கையிலேயே ஒடிந்தன. வீணையின் குடத்தைக் குடைவதும் கிதாரின் பக்கத்தை வளைப்பதும் ஒன்றல்ல என்பதும் நியாயமான பேச்சு. இதையெல்லாம் உட்கார்ந்து பேசலாம். ஆனால் "கட்டில் மரம்" என்பது பேச்சு இல்லை. தஞ்சாவூர் வீணை பலாவில்தான் உருவாகிறது. மிருதங்கக் கட்டையும் பலா. நம் காதுகளை வளர்த்ததே அந்த மரம். அது கிதாருக்குள் போனதும் கட்டிலாகிவிடுகிறதா?

ஸ்பெயினின் நாட்டுப்புற இசையான ஃபிளமெங்கோவுக்கு வாசிக்கும் கிதாரைப் பாருங்கள். ஸ்பெயினில் அதைச் சைப்ரஸ் மரத்தில் செய்தார்கள், காரணம் அது உள்ளூரில் மலிவாகக் கிடைத்தது. ஏழைக் கலைஞனுக்கு அதுதான் கட்டுப்படியானது. இன்று அந்த வறண்ட, வெடித்துக் கிளம்பும் ஒலி இல்லாமல் ஃபிளமெங்கோவே இல்லை என்கிறார்கள்.

இன்று எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் இந்திய ரோஸ்வுட் மட்டும் என்ன? நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் வளர்வது. நம் மலைகளில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்கிற மரம். பிரேசில் தன் மரத்தைக் கட்டையாக ஏற்றுமதி செய்யத் தடை போட்டதால், 1969-இல் அமெரிக்கக் கிதார் நிறுவனமான மார்ட்டின் இந்த ஈட்டிக்கு மாறியது. அப்போது அது பிரேசில் மரத்துக்கு மாற்று, இரண்டாந்தரம் என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அந்த மாற்றுதான் இன்று அளவுகோல். நேற்று ஈட்டியைப் பார்த்துச் சுளித்த அதே முகம் இன்று பலாவைப் பார்த்துச் சுளிக்கிறது.

"உங்களால் பிரேசில் மரம் வாங்க முடியவில்லை, அதனால் பேசுகிறீர்கள்" என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருக்கிறார். நாற்பது பேர் அதை விரும்பியிருக்கிறார்கள். சரி, சொல்லிவிடுகிறேன். பிரேசில் மரத்தில் ஒரு கிதார் செய்திருக்கிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வாடிக்கையாளர் பலகைகளோடு வந்தார். 1992 முதல் அந்த மரத்தை நாடு விட்டு நாடு விற்பது அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தப்படி தடை செய்யப்பட்டது, அதற்கு முன்பு வெட்டியது என்பதற்குத் தாள் வேண்டும். அவரிடம் தாள் இல்லை. எனக்கு அது தெரிந்திருந்தும் ஆசையில் கேட்காமல் விட்டேன். அது நான் செய்த தவறு. இன்றும் அதை நினைத்தால் உறுத்துகிறது. பலகை அடிமரத்தில் அறுத்தது, நார் நாலா பக்கமும் சுழன்று ஓடியது. இரண்டாவது கோடையில் நடுவாக வெடித்தது. உள்ளே கையை விட்டுச் சிறு கட்டைகளை வரிசையாக ஒட்டி நிறுத்தினேன். அதன் ஒலி எப்படி என்று கேட்கிறீர்களா? நன்றாக இருந்தது. அதே மாதம் சாதாரண மகோகனியில் செய்த கிதாரைவிட நன்றாக இருந்தது என்று என் காதைத் தொட்டுச் சொல்ல முடியாது.

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை எல்லோரும் சிரித்த அந்தப் பின்பலகை மரக்கடையில் வாங்கியது இல்லை. என் அப்பா தச்சர். கதவு, நிலை, கட்டில் எல்லாம் செய்தார். ஆமாம், கட்டிலும் செய்தார். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்தபோது அதன் பலா உத்தரத்தை விறகு விலைக்குப் போட இருந்தார்கள். அப்பா அதை வாங்கி மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். அம்மா திட்டினார். அப்பா அதன் தலைப்பை உளியால் ஒரு விரல் அகலத்துக்குச் சீவி, எச்சில் தொட்டுத் தடவி என்னிடம் காட்டினார். வெளியே கறுத்துக் கிடந்தது உள்ளே செம்பழுப்பாக மின்னியது. "வைரம் பாய்ந்த மரம், தம்பி. இதை அவசரப்பட்டு எதற்கும் அறுத்துவிடாதே" என்றார். பதினோரு ஆண்டுகள் பரணில் கிடந்தது. அவர் போன பிறகுதான் அறுத்தேன். புது மரத்தை எவ்வளவு உலர்த்தினாலும் எனக்குள் ஒரு பயம் இருக்கும். இந்த உத்தரத்தை அறுத்தபோது அந்தப் பயமே வரவில்லை. ஒரு தலைமுறை வீட்டைத் தாங்கிய மரம் இனிமேல் எங்கே நெளியப் போகிறது?

அதைத்தான் கட்டில் மரம் என்று கேலி செய்தார்கள்.

பேச்சு எங்கோ போய்விட்டது என்று நினைப்பீர்கள். அப்பாவின் உத்தரமும் அரிய மரம் பற்றிய பேச்சும் எனக்கு ஒன்றுதான். அரிய மரம் வேண்டும் என்று நீங்கள் கேட்பது ஒரு காட்டிலிருந்து கேட்பது. கருங்காலியைப் பாருங்கள். கேமரூன் காடுகளில் மரத்தை வெட்டிச் சாய்த்த பிறகுதான் உள்ளே முழுக் கறுப்பா, பழுப்புக் கோடு உண்டா என்று தெரியும். கோடு இருந்தால் விலை போகாது என்று சாய்த்த மரத்தை அங்கேயே போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்கள். பத்து மரம் சாய்த்தால் ஒன்றுதான் முழுக் கறுப்பு. 2011-இல் அங்கே ஒரு ஆலையை வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்ட பாப் டெய்லர் (அமெரிக்காவின் டெய்லர் கிதார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்), இனிக் கோடு போட்ட கருங்காலியையும் பயன்படுத்துவோம் என்று அறிவித்தார். விரல்பலகையில் ஒரு பழுப்புக் கோடு ஓடினால் எந்தச் சுரம் கெடுகிறது? ஒன்றும் இல்லை. நம் கண்ணுக்குக் கறுப்பு வேண்டும் என்பதற்காக ஒன்பது மரங்கள் மண்ணில் கிடந்து மக்கின.

ஈட்டியும் அரிதாகிப் போகும் நாள் தூரத்தில் இல்லை. 2017 ஜனவரியில் சைட்டிஸ் அந்த மரம் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல்தான் விலக்கு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் வெளிநாட்டு நண்பர் ஒருவருக்கு முடித்து வைத்த கிதார், தாள்களுக்காக எட்டு மாதம் என் சுவரில் தொங்கியது. எனக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகு கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் நிழல் மரமாக நின்ற ஈட்டியைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன். என் இரண்டு கையும் எட்டவில்லை. என் தாத்தா பிறப்பதற்கு முன்பே நட்டதாகத் தோட்டத்துக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு கோபம் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குப் பட்டறை திறந்திருக்கும். மூன்று கிதார்கள் வைக்கிறேன். மூன்றுக்கும் ஒரே கட்டையிலிருந்து அறுத்த ஸ்ப்ரூஸ் முகப்பு, ஒரே தந்தி. பின்பலகை ஒன்றில் ஈட்டி, ஒன்றில் மகோகனி, ஒன்றில் பலா. ஜன்னலை அடைத்துவிடுவேன். யார் வேண்டுமானாலும் வந்து வாசிக்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். கேமரா கிடையாது. அவருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.