இதுக்கா இவ்வளவு பில்டப்பு?

அண்ணன் மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. பொங்கல் முடிந்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன், போன ஞாயிற்றுக்கிழமை குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரே ஒரு வரி போட்டான். “இதுக்கா இவ்வளவு பில்டப்பு?”

மதினி பதறிப்போய், “சாப்பாடு ஒத்துக்கலையாப்பா?” என்று கேட்டார். கோயம்புத்தூர்ச் சித்தப்பா ஒரு சூரிய உதயப் படத்தைப் போட்டு, சொந்த ஊரைப் போல் சொர்க்கம் உண்டா என்று எழுதினார். (அந்தச் சொர்க்கத்தை விட்டு அவர் போய் முப்பத்தொரு வருடம் ஆகிறது. கோயில் கொடைக்கு வருவார், மறுநாளே ‘வெயில் தாங்கல’ என்று கிளம்பிவிடுவார்.) நானும் பதில் தட்ட ஆரம்பித்தேன். ஊர்களுக்கு இருக்கிற பெயருக்கும் போய்ப் பார்த்தால் கிடைப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதுதான் விஷயம். குழுவில் போட்டால் யாரும் படிக்காத நீளத்துக்குப் போய்விட்டது. அதனால் இங்கே.

மும்பையில் ஆறு வருடம், பெங்களூரில் பதினொரு வருடம் குப்பை கொட்டியவள் நான். இப்போது மதுரை. தில்லிக்கு மூன்று நாள் போயிருக்கிறேன், அதுவும் நவம்பரில், தொண்டைக் கரகரப்போடு திரும்பினேன். அந்த ஊரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

முதலில் பெங்களூர். 2008-ல் நான் போய் இறங்கியபோது எனக்குச் சொல்லி அனுப்பப்பட்டது இதுதான்: ஊரே ஏசி, எங்கே பார்த்தாலும் மரம், ரிட்டயர் ஆனவர்கள் போய் உட்காருகிற இடம். முதல் ஐந்து நிமிடத்தில் நம்பிவிட்டேன். ஜெயநகர்ப் பக்கம் நாங்கள் பிடித்த வாடகை வீட்டில், ஹாலில் ஃபேன் மாட்டக் கொக்கியே கிடையாது. எழுபதுகளில் கட்டிய வீடு. ஓனரம்மாவிடம் கேட்டேன். ஃபேன் எதற்கு என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். கடல் மட்டத்திலிருந்து 920 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், ராத்திரிக் குளிருக்கு யார் தயவும் வேண்டாம். அதே ஊரில் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி அடித்தது. அந்த வாரம் ஓனரம்மாவே ஆள் கூட்டிவந்து கூரையைத் துளைத்துக் கொக்கி போட்டதாக, பழைய பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொன்னார். நாங்கள் அதற்குள் பெல்லந்தூர்ப் பக்கம் போய்விட்டோம்.

பெல்லந்தூர்! அந்த ஏரி நுரையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தூரத்தில் பார்த்தால் ஏதோ பனிமலைப் படம் மாதிரி இருக்கும். கிட்டப் போனால் மூக்கைப் பொத்தவேண்டும். சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் சேர்ந்து பொங்கி, காற்றடித்தால் ரோட்டுக்குப் பறந்துவந்து ஹெல்மெட்டில் ஒட்டும். 2018 ஜனவரியில் அந்த ஏரி தீப்பிடித்தது. தண்ணீர்தான் தீயை அணைக்கும் என்று ஸ்கூலில் படித்த பிள்ளை, பால்கனியில் நின்றுகொண்டு, “தண்ணி எப்படிம்மா எரியும்?” என்று என்னைக் கேட்டது. ராணுவத்துக்காரர்கள் வந்து அணைத்தார்கள்.

பெங்களூருக்குப் பெரிய ஆறு கிடையாது. கெம்பெ கவுடா 1537-ல் ஊரைக் கட்டிய காலத்திலிருந்து ஏரிதான், ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு ராஜகாலுவெ என்கிற வாய்க்கால் வழியே போகும். எல்லோருக்கும் தெரிந்த மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு இருக்கும் இடம், தர்மாம்புதி என்கிற ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. ஏரிக்குள் பஸ்ஸும் வாய்க்கால் மேல் வீடும் வந்தபிறகு குடிக்கக் காவிரிதான் கதி. நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, மூன்று இடத்தில் மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். அந்தக் காவிரியும் எங்கள் பக்கம் வரவில்லை. போர்வெல்லும் டேங்கர் லாரியும்தான். காலை ஆறு மணிக்கு டேங்கர்காரருக்குப் போன் போடுகிற வேலை எங்கள் அடுக்குமாடியில் முறைவைத்து நடந்தது. என் முறை வியாழக்கிழமை. 2022 செப்டம்பர் மழையில் அதே பக்கத்து ஐடிக்காரர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்கள். 2024 மார்ச்சில் குளிக்கத் தண்ணீர் இல்லை என்று என் பழைய குடியிருப்புக் குழுவில் புலம்பல். அந்த வருடம் அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்தைத் திறந்தார்கள்.

டிராஃபிக்கைப் பற்றி எழுதினால் எனக்கே கொட்டாவி வருகிறது. டிராஃபிக்கை அளக்கிற டாம்டாம் கம்பெனியின் 2022-க்கான கணக்கில், ஊர் நடுவே பத்து கிலோமீட்டர் போக 29 நிமிடம் 10 விநாடி. சில்க் போர்டு சிக்னலில் ஒரு வாழைப்பழச் சீப்பு வாங்கி, பேரம் பேசி, தோலை உரித்துத் தின்று முடித்த பிறகும் பச்சை விழாத நாள் உண்டு. இப்போது அந்த வழியே மஞ்சள் லைன் மெட்ரோ வந்துவிட்டது, 2025 ஆகஸ்டில். நான் ஊரைவிட்டு வந்தபிறகு. எப்போதும் அப்படித்தான்.

இவ்வளவு திட்டியபிறகு ஒன்று சொல்லவேண்டும். பெங்களூருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. க்ரும்பீகல் என்கிற ஜெர்மன்காரர் 1908-ல் வந்து லால்பாக் தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்டார். ஒரு வகை மரம் பூத்து ஓய்ந்தால் இன்னொரு வகை பூக்கவேண்டும், வருடம் முழுக்கத் தெருவில் ஏதாவது ஒரு நிறம் இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டு மரம் வைத்தவர். எண்பதுகளில் நெகின்ஹால் என்கிற வனத்துறை அதிகாரி திரும்பவும் பெரிய அளவில் நட்டார். வேலையும் ஐடியோடு திடீரென்று முளைத்ததில்லை. 1909-ல் இந்திய அறிவியல் கழகம், 1940-ல் எச்ஏஎல் விமானத் தொழிற்சாலை, பிறகு டெலிபோன் செய்த ஐடிஐ, வாட்சு செய்த எச்எம்டி, மின்னணுக் கருவி செய்த பிஇஎல். என் தாத்தா கட்டியிருந்த எச்எம்டி வாட்சு அந்த ஊரிலிருந்து வந்ததுதான். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்கிற அமெரிக்க சிப் கம்பெனி 1985-ல் வந்தபோது, படித்த ஆளும் குளுகுளு காற்றும் ஏற்கெனவே தயாராக இருந்தன. அந்தக் காற்றைக் கேள்விப்பட்டுத்தான் நாங்கள் எல்லோரும் போனோம். 1951 கணக்கெடுப்பில் 8 லட்சத்தைத் தொடாத ஊர், 2011-ல் 84 லட்சம்.

என் கட்சி இதுதான். குளிர்ச்சி, நிழல், அமைதி, நல்ல தண்ணீர் எல்லாம் பந்திப் பாயசம் மாதிரி. இருபது இலைக்குக் காய்ச்சியதை இருநூறு இலைக்கு ஊற்றினால் கடைசி வரிசைக்கு வெந்நீர்தான் வரும். பெங்களூரின் பெயர் அந்த ரகம். ஆள் வர வரத் தேயும். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிற என் அண்ணன் மகன், ‘இதுதான் பாயசமா’ என்று கேட்பதில் தப்பே இல்லை. மும்பையின் பெயர் வேறு ரகம். அது கூட்டத்தாலேயே வந்த பெயர்.

மும்பைக்கு நான் 2002-ல் போனேன். இருபத்து மூன்று வயது. சயானில் நாலு பெண்கள் சேர்ந்து ஒரே அறை. காலையில் முக்கால் மணி நேரம் தண்ணீர். ஆபீஸ் அந்தேரியில். சயானில் ஏறி தாதரில் இறங்கி, பாலம் ஏறி, வெஸ்டர்ன் லைன் மாறி அந்தேரி. முதல் வாரம் தாதரில் நானாக இறங்கவில்லை. கூட்டம் என்னை இறக்கிவிட்டது. இரண்டாம் வாரம், தொலைதூர விரார் போகிறவர்களின் வண்டியில் தெரியாமல் ஏறி, அந்தேரியில் இறங்க முயன்றபோது நான் வாங்கிய திட்டு, எந்த மொழி என்றே இன்றுவரை தெரியாது.

மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவது ஆளுக்கு ஓர் ஓரம் உண்டு. அது எழுதாத சட்டம். ஏறியவுடன் உட்கார்ந்திருப்பவரிடம், “கிதர் உதர்னா ஹை?” (எங்கே இறங்கணும்?) என்று கேட்டு, அவர் இறங்கும் ஸ்டேஷனிலிருந்து அந்த இடத்தை முன்பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு மேல் யார் கேட்டாலும், “இந்தப் பொண்ணு சொல்லி வச்சிருக்கு” என்று அவரே பஞ்சாயத்து பண்ணுவார். லேடீஸ் பெட்டியில் பட்டாணி உரிப்பார்கள், கீரை ஆய்வார்கள், வீடு போய்ச் சேரும்போது குழம்புக்கு எல்லாம் தயார். பத்து ரூபாய்த் தோடு விற்கிறவரிடம் என் முதல் சம்பளத்தில் ஆறு ஜோடி வாங்கினேன். ராத்திரிப் பதினொரு மணிக்கு அந்தப் பெட்டியில் ஒரு போலீஸ்காரர் வந்து உட்காருவார். அவர் பாதித் தூக்கத்தில்தான் இருப்பார், ஆனாலும் இருப்பார். எங்கள் அம்மாவுக்கு ராத்திரி ஏழு மணிக்கு மேல் நான் தெருமுனைக் கடைக்குப் போனாலே அடிவயிறு கலங்கும். அதே நான் பதினொன்றரைக்குத் தனியாக சயானில் இறங்கி நடந்து போனேன், ஆறு வருடம். வந்தவர்களுக்குச் சோறு போடும், பெண்ணைத் தனியே நடமாட விடும் என்பதுதான் நான் கேள்விப்பட்ட பெயர். என் கணக்கில் அது சரியாக இருந்தது. தெருவில் ஆள் இருந்ததால்தான் எனக்குப் பயம் இல்லை. ஆள் குறைந்தால் அந்தப் பெயர் போய்விடும்.

தாராவி எங்களுக்குப் பக்கம். ‘ஆசியாவின் மிகப்பெரிய சேரி’ என்று வெளியே சொல்கிறார்கள். எனக்கு அது தொண்ணூறடி ரோட்டில் வாழையிலையும் கட்டிச் சாம்பிராணியும் திருநெல்வேலிப் பேச்சும் கிடைக்கும் இடம். பொங்கலன்று தெருவில் வரிசையாக அடுப்பு வைத்துப் பானை ஏற்றுவார்கள். மும்பை முழுக்கச் சைக்கிளில் ‘பாம் பாம்’ என்று ஹாரன் அடித்து இட்லி விற்கிறார்களே, அந்த மாவு பெரும்பாலும் அங்கேதான் விடிவதற்குமுன் அரைபடுகிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வறுமையைத் தேடுவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு நின்றால் தாராவிக்காரருக்கு அன்றைய வேலை கெட்டுப்போகும்.

பொய்யான பெயரும் மும்பைக்கு உண்டு. ‘தூங்காத நகரம்’ என்பார்கள். நன்றாகத் தூங்கும். ராத்திரி ஒரு மணி சுமாருக்குக் கடைசி லோக்கல் ரயிலை விட்டால், அடுத்ததற்கு நாலு மணிவரை பிளாட்பாரத்தில் நாயோடு நாயாக உட்காரவேண்டியதுதான். சினிமா நடிகர்கள் தெருவில் திரிவார்கள் என்றார்கள். ஆறு வருடத்தில் ஒருத்தரைக்கூடப் பார்க்கவில்லை. மதுரைக்கு வந்தபிறகு ஒரு நகைக்கடைத் திறப்புவிழாவில்தான் முதன்முதலாக ஒரு நடிகையைப் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வருவது ‘ஸ்பிரிட் ஆஃப் மும்பை’ என்கிற பேச்சில். 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. ரயில் நின்றது, போன் செத்தது. அந்தேரியிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் துப்பட்டாவை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தோம். சாந்தாகுரூஸ் தாண்டமுடியவில்லை. முன்பின் தெரியாத ஒரு குஜராத்திக் குடும்பம் எங்கள் ஏழு பேரையும் முதல் மாடிக்குக் கூப்பிட்டு, மாற்றுத்துணி கொடுத்து, கிச்சடி போட்டது. அந்த அம்மாவின் நைட்டியில்தான் மறுநாள் விடிந்தது எனக்கு. அது உண்மை. சாகிறவரை மறக்கமாட்டேன். ஆனால் ஊருக்குள் ஓடும் மித்தி ஆற்றை நெருக்கி அலுவலகங்கள் கட்டியதும், விமான நிலைய ஓடுபாதையை அதன்மேல் போட்டதும் யார்? அந்த அம்மாவின் கிச்சடியை எடுத்து அந்தக் கேள்வியின் மேல் மூடியாக வைத்துவிட்டார்கள். இரண்டு நாளில் எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள், என்ன மன உறுதி என்று டிவியில் சிலாகித்தார்கள். திரும்பாவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள். எனக்கு ஒரு நாள் சம்பளம் பிடித்தும்விட்டார்கள்.

லோக்கலும் அப்படித்தான். கதவு மூடாத வண்டியில் தொங்கி, தண்டவாளம் தாண்டி, வருடாவருடம் ஆயிரக்கணக்கில் செத்தவர்கள் அந்தப் பெயருக்குள் வரமாட்டார்கள். ஆகையால் மும்பை பெயரைக் காப்பாற்றியது என்று நான் சொன்னால், அது சுகமான ஊர் என்று யாரும் படிக்கவேண்டாம். சுகம் தருவதாக அது யாரிடமும் சொல்லவே இல்லை. பெங்களூர் சொன்னது. அதனால்தான் அங்கே ஏமாற்றம் அதிகம்.

கல்கத்தாவுக்கு நாலு நாள் போனேன். செத்துக்கொண்டிருக்கும் நகரம் என்று சொல்லி அனுப்பினார்கள். 1984-ல் நாட்டிலேயே முதல் மெட்ரோ ஓடிய ஊர் அது. ஊரோடு சேர்ந்து நானும் வயிறு நிறைய மீனும் சோறும் சாப்பிட்டேன். பிணத்துக்கு அவ்வளவு பசி எடுக்காது.

மெட்ராஸ் இதில் தனிக் கேஸ். நம் ஊர்ப் பக்கம் அதற்கு இருக்கிற கெட்ட பெயருக்குக் கீழே போக இடமே இல்லை. சென்ட்ரலில் இறங்கினால் பெட்டி போய்விடும், ஆட்டோக்காரர் சொத்தை எழுதி வாங்குவார், மே மாதம் போனால் உருகிவிடுவோம். அப்பாவுக்கு வைத்தியம் பார்க்க இரண்டு மாதம் தங்கவேண்டி வந்தபோது, இவ்வளவையும் மடியில் கட்டிக்கொண்டுதான் போனேன். ஆஸ்பத்திரிப் பக்கத்து அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி. “கூட்டினு வந்தது யார அக்கா, அப்பாவா?” என்று மூன்றாம் நாளே பரிமாறுகிற அம்மா விசாரித்தார். அப்பா வீடு திரும்புகிறவரை தினமும் விசாரித்தார். 2015 வெள்ளத்தையும், 2019-ல் நாலு ஏரியும் காய்ந்ததையும் மறந்துவிட்டுப் பேசவில்லை. ஆனால் ஒன்றையும் எதிர்பார்க்காமல் போனதால் எனக்கு அந்த ஊர் மிச்சம்தான் வைத்தது. வெயில் மட்டும் அவர்கள் சொன்னதைவிட மோசம்.

பெங்களூருக்கும் நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தில் தமிழ்நாட்டு பஸ்களைக் கொளுத்திய அன்று, என் கணவர் ஓசூர் பக்கம் மாட்டிக்கொண்டார். எதிர் வீட்டு அம்மா, மண்டியாக்காரர், கதவைத் தட்டி, “ஹொரகடெ ஹோகபேடம்மா” (வெளியே போகாதேம்மா) என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். ராத்திரி ராகி முத்தெயும் (நம் கேழ்வரகுக் களிதான்) தொட்டுக்கொள்ளச் சாறும் எங்கள் வீட்டுக்கு வந்தது. காவிரி பாயும் மண்டியா. அங்கே நெல் வயல் வைத்திருக்கிற குடும்பம் அது.

இதையெல்லாம் அண்ணன் மகனுக்கு எழுதிப் பாதியில் நிறுத்தியிருந்தேன். நேற்றுச் சாயங்காலம் அவனே ஒரு போட்டோ அனுப்பினான். ரோட்டோரம் இலையே தெரியாமல் ரோஸ் நிறத்தில் பூத்து நிற்கிற ஒரு மரம். கீழே கண்ணுக்கு எட்டியவரை காரின் சிவப்பு விளக்கு. “அத்தை, இது என்ன மரம்?”

டபேபுயா, பிப்ரவரியில் பூக்கும், அடுத்த மாதம் கொட்டிவிடும், லால்பாக் பக்கம் போனால் இன்னும் நிறையப் பார்க்கலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போகாதே, கூட்டம் என்று எழுதினேன். காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். இன்னொரு போட்டோ வந்திருந்தது. அதே மரம்தான், வேறு பக்கத்திலிருந்து. பத்தடி நகர்ந்திருப்பான்.