"ஃபோட்டோ நல்லா விழுந்துதா தம்பி?"

போன சனிக்கிழமை ஒரு அற்பமான காரியம் செய்தேன். தஞ்சாவூரில் நான் வழக்கமாகப் போகும் சின்னப் புத்தகக் கடையில் ஒரு நாவலை எடுத்து, நின்றபடியே இருபது பக்கம் படித்தேன். பிடித்திருந்தது. விலை 420 ரூபாய். சத்தமில்லாமல் அட்டையை ஃபோனில் படம் பிடித்து ஆன்லைனில் தேடினால் 338. அலமாரியில் சாய்ந்தபடியே ஆர்டர் போட்டுவிட்டேன். கடைக்கார அண்ணன் எப்போதும் தரும் பத்து சதவீதம் போனால் அவரிடம் 378. ஆக எனக்கு மிச்சம் 40 ரூபாய். இரண்டு டீ, ஒரு வடை.

வெளியே வரும்போது கேட்டார்: "ஃபோட்டோ நல்லா விழுந்துதா தம்பி?"

கிண்டல்கூட இல்லை அந்தக் குரலில். திட்டியிருந்தால் தேவலை.

பதினைந்து வருடத்துக்கு முன் அந்தக் கடைக்கு முதலில் போனது குரூப் 4 கைடு வாங்க. பில் போடும்போது, "பரீட்சைக்குப் படிச்சுப் படிச்சு மண்டை காஞ்சிரும், நடுவுல இதைப் பாருங்க. பிடிக்கலன்னா திருப்பிக் குடுங்க" என்று ஒரு கரிசல்காட்டுச் சிறுகதைத் தொகுப்பைக் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை. நான் பரீட்சையில் தேறவில்லை, அந்தப் புத்தகத்தைத் திருப்பித் தரவும் இல்லை. அடுத்த மாதம் போய்க் காசைக் கொடுத்துவிட்டு இன்னும் இரண்டு வாங்கினேன். அப்படித்தான் நான் வாசகன் ஆனேன்.

அவரிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு உண்டு. கடன் கணக்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தால் ஆளுக்கு ஒரு வரி. 'போஸ்ட் மாஸ்டர்: கோயில், கல்வெட்டு. 200க்குள்.' 'மெடிக்கல் ஷாப் பையன்: துப்பறியும் கதை, முடிவைச் சொல்லிடக் கூடாது.' 'டீச்சரக்கா: சோகம் வேண்டாம்.' புதுப் புத்தகக் கட்டு வந்து பிரித்ததும் முதலில் இந்த நோட்டைத்தான் புரட்டுவார். அப்புறம்தான் அலமாரி. ஆன்லைன் கடையும் 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்று சொல்கிறதே என்பீர்கள். சொல்கிறது. நான் ஒரு தடவை பிரஷர் குக்கர் வாங்கினேன், ஒரு மாதம் குக்கராகவே காட்டியது.

இந்த மாதிரி ஆட்கள் பெரிய ஊர்களிலும் இருந்தார்கள். பம்பாயில் 1948இல் ஸ்ட்ராண்ட் சினிமா தியேட்டரில் டி.என். ஷான்பாக் தொடங்கிய ஸ்ட்ராண்ட் புக் ஸ்டால் 2018 வரை ஓடியது. அவருடைய உறவுக்காரர் டி.எஸ். ஷான்பாக் பெங்களூரில் 1971 முதல் 2009 வரை பிரீமியர் புக்‌ஷாப் நடத்தினார். இடுக்கு மாதிரி இடம், கூரை வரைக்கும் அடுக்கிய புத்தகங்கள். எந்த அடுக்கில் எது இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம் என்று அங்கே போனவர்கள் எல்லோரும் சொல்வார்கள். 2021இல் கொரோனாவில் அவர் இறந்தபோது பெங்களூர் வாசகர்கள் சொந்தக்காரரைப் பறிகொடுத்தது போல எழுதித் தீர்த்தார்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். எங்கள் அண்ணன் சொன்ன கணக்கு: நூறு ரூபாய்ப் புத்தகத்துக்குப் பதிப்பகம் கடைக்குத் தரும் கழிவு முப்பது, மிஞ்சினால் முப்பத்தைந்து. அதில் பத்து நமக்குக் கழிவு. மீதியில் வாடகை, கரண்ட், பையன் சம்பளம், லாரி ஆபீஸ் கூலி. இதில் அவர் எங்கே போய் ஆன்லைன் விலைக்குக் கொடுப்பது?

பிரான்சில் இதற்கு 1981இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அப்போதைய கலாச்சார அமைச்சர் ஜாக் லாங் பெயரில்தான் அது வழங்குகிறது. புதுப் புத்தகத்துக்குப் பதிப்பகம் வைப்பதுதான் விலை, யார் விற்றாலும் ஐந்து சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கூடாது. பிறகு ஆன்லைன்காரர்கள் டெலிவரியை இலவசமாக்கினார்கள். 2014இல் அதையும் தடுத்தார்கள். உடனே அமேசான் டெலிவரிக் கட்டணம் ஒரு சென்ட் என்று வைத்தது! கடைசியில் 2023 அக்டோபரில், 35 யூரோவுக்குக் குறைந்த ஆர்டருக்குக் குறைந்தது 3 யூரோ வாங்கியே ஆக வேண்டும் என்று விதி வந்தது. நாற்பது வருடமாக விடாமல் மல்லுக்கட்டுகிறார்கள்.

நம் ஊரில் அப்படிச் சட்டம் வரும் என்று நான் கனவு காணவில்லை. ஏனென்றால் இங்கே கடைக்காரரின் வயிற்றில் அடிப்பது ஆன்லைன் மட்டும் இல்லை. பதிப்பகங்களே முகநூலிலும் வாட்ஸப்பிலும் 'முன்வெளியீட்டுத் திட்டம், 30 சதவீதம் தள்ளுபடி, கூரியர் இலவசம்' என்று அறிவிக்கிறார்கள். சூடாக விற்கும் முதல் மாதத்தில் நேரடி விற்பனை, ஆறிப்போனதும் கடைக்கு. அவர்கள் கஷ்டமும் தெரிகிறது. நூலக ஆர்டரை நம்பி உட்கார முடியாது, நூறு இருநூறு பிரதி அச்சடித்து முதலை எடுக்கவே முழி பிதுங்குகிறது. ஆனாலும் கடைக்காரருக்கும் அதே நாளில், அதே கழிவில் பத்துப் பிரதி அனுப்புவதில் என்ன குடி முழுகிவிடும்?

அடுத்து நான் சொல்லப்போவதற்குத் திட்டு விழும். 2022 முதல் அரசு எல்லா மாவட்டத்திலும் புத்தகத் திருவிழா நடத்துகிறது. நல்ல விஷயம்தான், நானும் பை நிறைய வாங்குகிறேன். ஆனால் அந்தப் பத்து நாளுக்கு முன்னும் பின்னும் எங்கள் அண்ணன் கடையில் ஈ ஓட்டுகிறார். எல்லோரும் திருவிழாவுக்குக் காசு சேர்க்கிறார்கள், அல்லது திருவிழாவில் செலவழித்துவிட்டார்கள். உள்ளூர்க் கடைகளுக்கு அங்கே வாடகை இல்லாமல் ஒரு ஸ்டால் கொடுத்தால் என்ன? மேடைக்கும் பந்தலுக்கும் ஆகும் செலவில் அது ஒரு பொருட்டா?

புதன்கிழமை மனசு கேட்காமல் கடைக்குப் போனேன். ஆன்லைன் பார்சல் வந்துவிட்டது, இன்னும் பிரிக்கவில்லை. இன்னொரு பிரதி வாங்கி யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அந்த நாவலைக் கேட்டேன்.

"இருந்தது ஒண்ணுதான், போயிருச்சே தம்பி. டீச்சரக்கா எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அவங்க சோகம் வேண்டாம்பாங்களே? அது ஆரம்பமே சாவு வீடாச்சே."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். 'சோகம் வேண்டாம்' மேல் ஒரு கோடு.

"வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம் ஆச்சு. இப்பதான் அந்த மாதிரி எதாவது இருக்கான்னு அவங்களாவே கேட்டாங்க" என்றார். "நீங்க படிச்சு முடிச்சிட்டீங்கள்ல? எப்படிப் போகுது, ரொம்ப அழ வைக்குமா?"

இல்லை, இன்னும் முடிக்கவில்லை என்றேன்.

"சீக்கிரம் முடிச்சிட்டு ஒரு போன் பண்ணுங்க."