கோ அண்ட் கம், மிஸ்

மாலத்தீவில் மூன்று வருஷம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன மாதம் காங்கேயம் வந்து சேர்ந்தேன். பார்க்க வந்த ஒறம்பரை அத்தனை பேரும் கேட்டது ஒன்றுதான்: "எவ்வளவு மிச்சம் புடிச்சே?" ஒரு பெரியம்மா என் கழுத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எத்தனை பவுனு?" என்று நேராகவே விஷயத்துக்கு வந்தார். ஆத்தா மட்டும்தான் வேறு கேட்டது. "அந்தப் புள்ளைககிட்டச் சொல்லிட்டு வந்தியா கண்ணு?"

சொல்லிட்டுத்தான் வந்தேன். ஆனால் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்பதில்தான் வில்லங்கம். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீவின் பெயரைச் சொல்லமாட்டேன். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தால் இருபது நிமிஷம். பெயரைச் சொன்னால் அங்கே இருக்கிற எல்லோரையும் சொன்ன மாதிரி. வடக்கே ஒரு அட்டோலில், அதாவது தீவுக்கூட்டத்தில், ஒரு தீவு, அது போதும். சுமார் 1,200 தீவுகள் இருக்கிற நாட்டில் மக்கள் குடியிருப்பது 200க்கும் குறைவான தீவுகளில்தான். அவர்கள் மொழியான திவேஹியும் இஸ்லாமும் தவிர மற்றப் பாடங்கள் இங்கிலீஷில் நடக்கும். 1960களிலேயே தலைநகர் மாலேயில் இங்கிலீஷ் மீடியம் வந்துவிட்டது. அன்றைக்குச் சிலோனிலிருந்து வாத்தியார்கள் போனார்கள், இன்றைக்குக் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போகிறோம்.

நான் ஏன் போனேன்? எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு நம்ம பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றில் காலை எட்டு மணியிலிருந்து இரவு ஸ்டடி முடிகிற வரைக்கும் நின்று வாங்கிய சம்பளம் 13,000 ரூபாய். அதனால் போனேன். சேவை, அர்ப்பணிப்பு என்று யாராவது என்னைப் பாராட்ட நினைத்தால் தயவுசெய்து வேண்டாம்.

முதல் நாள் ஐந்தாம் வகுப்பு. போர்டில் பெயரை எழுதிவிட்டு, என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வயசு கேட்பார்கள், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பார்கள், இந்தி நடிகர்களைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். முன் பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். "வென் யூ கோ, மிஸ்?"

பீரியட் எப்போது முடியும் என்று கேட்கிறான் போல என்று நினைத்து, பத்தே முக்காலுக்கு என்றேன். வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்தவள் பாவம் பார்த்து விளக்கினாள்: "ஒன் இயர்? டூ இயர்?"

ஒன்றாம் வகுப்பிலிருந்து கணக்குப் பார்த்தால் நான் அவர்களுக்கு நாலாவது இங்கிலீஷ் டீச்சர். ஒருவர் காண்ட்ராக்ட் முடிந்து போனார். ஒருவர் பிரசவத்துக்குப் போனார். எனக்கு முன்னால் இருந்தவர் லீவுக்கு ஊருக்குப் போகிறேன், வரும்போது மிட்டாய் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், வரவே இல்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன், அவருக்கு என்ன கஷ்டமோ. ஆனால் பிள்ளைகள் அந்த மிட்டாயை மறக்கவில்லை. தின்னாத மிட்டாயின் நிறம் வரைக்கும் சொன்னார்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. வெளிநாட்டுக்குப் பாடம் நடத்தப் போகிறவர்களுக்கு இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது, டெமோ கிளாஸ் எப்படி எடுப்பது என்று சொல்லித்தர ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கிளம்புகிற அன்றைக்கு எப்படிக் கிளம்புவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சின்னப் பிள்ளைகள்தானே, சொன்னால் அழும், சொல்லாமல் போனால் நாலு நாளில் மறந்துவிடும் என்று நாமாகவே முடிவு கட்டிக்கொள்கிறோம். அது அழுவது யாருக்குத் தாங்கவில்லை? நமக்குத்தான். நம்முடைய சங்கடத்தைத் தவிர்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டு, அதைப் பிள்ளைகளின் நன்மைக்குச் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறோம்.

சரி, வகுப்புக் கதைக்கு வருகிறேன். மூன்று வருஷத்தில் மிஞ்சியது அதுதான்.

திவேஹி சிங்களத்துக்குப் பங்காளி மொழி. நம் லட்சத்தீவின் மினிக்காயில் பேசுவதும் அதன் ஒரு வழக்குதான். நம் குடும்பம் இல்லைதான், ஆனால் வினைச்சொல் நமக்கு வருவது போலவே வாக்கியத்தின் வாலில்தான் வரும். அதனால் அந்தப் பிள்ளைகள் செய்கிற தப்பும் நம் பிள்ளைகள் செய்கிற தப்பும் ஒரே அச்சு. "ஐ யெஸ்டர்டே ஃபிஷ் ஏட்" என்று ஒருத்தி சொன்னால், அது அவள் மண்டைக்குள் எந்த வழியாகச் சுற்றி வந்தது என்று எனக்குத் தெரியும். நானும் அந்த வழியாகத்தான் வந்தேன், காங்கேயத்தில்.

எழுத்துதான் வேறு திசை. திவேஹியை எழுதுகிற ‘தானா’ எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் மட்டும் தாராளமாகப் பேசுகிற ஒரு பையன் இருந்தான், முதல் நாள் என்னைக் கேள்வி கேட்டவன்தான். முன் பெஞ்சுக்கு அவனை யாரோ தண்டனையாக மாற்றியிருந்தார்கள். அவனிடம் ஒரு ரஃப் நோட்டு. இந்தப் பக்கம் திறந்தால் இங்கிலீஷ், திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் திறந்தால் திவேஹி. அந்தந்த மொழிக்கு அந்தந்தப் பக்கமே முதல் பக்கம். இரண்டு மொழியும் இரண்டு அட்டையிலிருந்து கிளம்பி நடுவில் என்றைக்காவது முட்டிக்கொள்ளும். எது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று வாரம் ஒரு தடவை பக்கத்தை எண்ணுவான். முதல் வருஷம் திவேஹி ஜெயித்தது. இரண்டாம் வருஷம் இங்கிலீஷ் ஜெயித்தபோது என்னிடம் கொண்டுவந்து காட்டவில்லை; நானாகத்தான் பார்த்தேன்.

எனக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்ததும் உண்டு. நமக்கு ஜூன் மாதத்து ஜூவும் மிருகக்காட்சி சாலை ஜூவும் ஒன்றுதான். அவர்கள் மொழியில் அந்த இரண்டாவது ஒலிக்குத் தனி எழுத்தே இருக்கிறது. "நோ மிஸ், நாட் ஜூ" என்று சொல்லிவிட்டு வகுப்பு மொத்தமும் தேனீ மாதிரி ரீங்காரம் போட்டுக் காட்டியது. தமிழில் அதை எழுதிக் காட்டக்கூட வழியில்லை பாருங்கள். பி.எட். படித்தபோது யாருக்கும் படாத தப்பு, பத்து வயசுப் பிள்ளைகள் காதில் பட்டது.

பாடத்தில் மலை வரும், ஆறு வரும், ரயில் வரும், மாடு வரும். அந்த நாடு கடல் மட்டத்துக்கு மேல் சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரம். மலைக்கு எங்கே போவது? போனில் சிவன்மலை படத்தைக் காட்டினேன். கோயில் தெரியாமல் ரோட்டிலிருந்து தூரமாக எடுத்த படம். வேறு மத அடையாளங்களை அங்கே பொதுவில் காட்டக் கூடாது, அந்த நாட்டுச் சட்டம் அப்படி, நாம்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். உற்றுப் பார்த்துவிட்டு ஒருத்தி, "ஹூ மேட் இட், மிஸ்?" என்றாள். அப்புறம் எங்கள் சித்தப்பா வீட்டுக் காங்கேயம் காளை. திமிலைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே தண்ணீர் இருக்குமா என்று கேட்டார்கள். இதைச் சித்தப்பாவிடம் போனில் சொன்னதற்கு, "கூட்டியாம்மிணி அதுகளை, ஒரு நாள் இங்க கூட்டியா" என்று அரை மணி நேரம் சிரித்தார்.

தேங்காய்தான் இரண்டு ஊருக்கும் பொது. நம் ஊரில் தேங்காய் என்றால் களம், கொப்பரை, எண்ணெய், இன்றைய விலை. அங்கே ஒரு காலத்தில் கயிறு. 14ஆம் நூற்றாண்டில் அங்கே காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்த பயணி இபின் பதூதா அந்தக் கயிற்றைப் புகழ்ந்து எழுதிவைத்திருக்கிறார். மட்டையைக் கடலோரக் குழியில் ஊறவைத்து அடித்துத் திரித்ததை, சின்ன வயசில் தானே செய்ததாக என் வீட்டு ஓனரம்மா கையால் செய்து காட்டினார். அவர் பேச்சில் எனக்குப் பாதிதான் புரியும். கை புரிந்தது.

இங்கிலீஷைக் கண்டாலே ஒடுங்கிப்போகிற பிள்ளைகளிடம் ஒரு நாள் சொன்னேன், ‘அட்டோல்’ என்பது இங்கிலீஷ்காரன் உங்கள் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டது, எங்களிடமிருந்து ‘கட்டுமரத்தை’ எடுத்துக்கொண்ட மாதிரி. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி: "தே கிவ் பேக், மிஸ்?"

இப்படி இருக்கும்போதுதான் ஆத்தாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தது. காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை.

மூன்று மாதம் முன்னதாகவே வகுப்பில் சொல்லிவிட்டேன். போகிறேன், இந்தத் தேதியில் போகிறேன், திரும்பி வேலைக்கு வரமாட்டேன். ஸ்டாஃப் ரூமில் திட்டு விழுந்தது. "இப்பவே சொன்னா அதுங்க உன் பாடத்தைக் கவனிக்குமா?" என்றார் சீனியர் ஒருவர். அவர் சொன்னதில் பாதி நடந்தது, மறைக்கவில்லை. இரண்டு வாரம் வகுப்பு கையில் நிற்கவில்லை. ஒருவன் வீட்டுப்பாடத்தையே நிறுத்திவிட்டு, "யூ கோயிங். ஒய் ஹோம்வொர்க்?" என்று நியாயம் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. மூன்றாவது வாரம் தானாகவே அடங்கியது. அதற்குப் பிறகு நடந்த பாடம் மாதிரி நான் அதற்கு முன்னால் நடத்தியதில்லை. போகிற நாள் இரண்டு பக்கத்துக்கும் தெரியும், அதனால் சும்மா போக்க நேரமில்லை.

நான் சேர்ந்தபோது என் கைக்கு வந்தது பீரோ சாவியும் மார்க் ரிஜிஸ்டரும் மட்டும்தான். ஒரு பெண்ணுக்குப் போர்டு தெரியவில்லை என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு நாலு மாதம் ஆயிற்று. முன்னால் இருந்தவருக்கு அது கட்டாயம் தெரிந்திருக்கும். ஒரு வரி எழுதிவைத்திருந்தால் அந்த நாலு மாதம் மிச்சம். அதனால் நான் ஒரு நோட்டு எழுதினேன். மார்க் இல்லை, ரேங்க் இல்லை. இவளை முன்னால் உட்கார வையுங்கள். இவனை எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லாதீர்கள், தனியாகக் கூப்பிட்டால் வாசிப்பான். இவனிடம் தூண்டிலைப் பற்றிக் கேளுங்கள், பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேசுவான், தப்பை அப்புறம் திருத்திக்கொள்ளலாம். இவனை ஜன்னல் ஓரத்திலிருந்து கிளப்பாதீர்கள். வேலையை விட்டு வருகிற டீச்சர் யாராக இருந்தாலும் சரி, இப்படி ஒரு நோட்டு எழுதாமல் கிளம்பக் கூடாது என்பேன். மாலத்தீவு என்றில்லை. தாளவாடியிலும் பர்கூர் மலையிலும் இருந்து டிரான்ஸ்ஃபரில் இறங்குகிறவர்களுக்கும்தான்.

படகு காலை ஆறரைக்கு. வெள்ளிக்கிழமை, அங்கே வாராந்திர லீவு. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். பாதி வகுப்பு படகுத்துறையில் நின்றது, பல் விளக்காத முகங்களோடு.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். "போறேன்" என்று சொன்னால் ஆத்தா வாயிலேயே போடும், "போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்று. அந்தப் பழக்கம் ஊறிப்போய், வகுப்பு முடிந்து கிளம்பும்போதெல்லாம் எனக்கு "பை" வராது. "ஓகே, ஐ வில் கோ அண்ட் கம்" என்றுதான் வரும். மூன்று வருஷம் அவர்களுடைய ஒவ்வொரு தப்பையும் சிவப்பு மையில் திருத்தினேன். இது என்னுடைய தப்பு, அதனால் திருத்தவே இல்லை. அவர்களும் பிடித்துக்கொண்டார்கள். படகுத்துறையில் அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள்: "கோ அண்ட் கம், மிஸ்!"

ஜன்னல் ஓரத்துப் பையன் மட்டும் கத்தவில்லை. கயிறு கட்டியிருக்கிற இடம் வரைக்கும் வந்து, மெதுவாகக் கேட்டான். "கம், வென்?"

மூன்று மாதமாக வரமாட்டேன், வரமாட்டேன் என்று நேர்மையாகச் சொல்லிவந்த வாய், "நெக்ஸ்ட் இயர்" என்றது.

மேலே இவ்வளவு உபதேசம் செய்தவள் இதைச் செய்தேன். அந்த மிட்டாய் டீச்சரும் இப்படித்தான் சொல்லியிருப்பார், மனசு வந்து ஏமாற்றியிருக்கமாட்டார் என்று படகில் உட்கார்ந்த பிறகு தோன்றியது.

பிரிவு உபசாரப் படங்களை ஏன் போடவில்லை என்று சிலர் கேட்கிறீர்கள். போடமாட்டேன். அழுகிற பிள்ளையின் முகம் என் நல்ல மனசுக்குச் சர்டிஃபிகேட் இல்லை. நம் வீட்டுப் பிள்ளை மூக்கு ஒழுக அழுவதை வெளிநாட்டுக்காரர் படம் பிடித்துப் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

திருப்பூரில் ஒரு தோழி டீச்சராக இருக்கிறாள். பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் அவள் வகுப்பில் நிறைய. அங்கே கதை நேர் எதிர். பண்டிகைக்கு ஊருக்குப் போகிற பிள்ளை திரும்பாது, இடம் காலியாகவே கிடக்கும், டீச்சருக்குத்தான் ஒரு வார்த்தை கிடைக்காது. "எங்களுக்கும் யாராச்சும் ஒரு நோட்டு எழுதி வெச்சா நல்லாருக்கும்டி" என்றாள்.

போன வாரம் வைபரில் ஒரு குரல் பதிவு வந்தது, ஜன்னல் ஓரத்துப் பையனுடைய அம்மா நம்பரிலிருந்து. புது டீச்சர் வந்துவிட்டாராம். நோட்டைப் படித்திருக்கிறார் போல, ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்திருக்கிறானாம். அப்புறம், "நியூ மிஸ் சே, கோ அண்ட் கம் ராங். ராங், மிஸ்?"

இங்கிலீஷில் தப்புதான், புது மிஸ் சொல்கிற மாதிரியே எழுது என்று பதில் அனுப்பினேன். உடனே இன்னொன்று வந்தது. "ஓகே. கம், வென்?"

ஆத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். என்ன சொல்லுது பையன் என்று கேட்டது. சொன்னேன். நான் படகுத்துறையில் சொன்னதையும் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "சொல்லிப்போட்டயல்ல, அப்பறம் என்ன. போயிட்டு வா" என்றது.

எவ்வளவு மிச்சம் என்று கேட்ட பெரியம்மாவுக்கு: திருவனந்தபுரத்திலிருந்து மாலேவுக்கு டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். மிட்டாயும் வாங்கவேண்டும், என்ன நிறம் என்று தெரியும்.