டெபெஷ் மோடில் ஒத்து ஊதியவர்

டெபெஷ் மோட் என்கிற ஆங்கிலேய இசைக்குழுவைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒருவர் தவறாமல் கேட்பார்: அதில் இருந்த ஆண்டி ஃபிளெட்ச்சர் மேடையில் என்னதான் செய்தார்? கைதட்டினார், எப்போதாவது ஒரு விரலால் கீபோர்டைத் தொட்டார், அதற்குச் சம்பளமா என்று ஒரு சிரிப்பு. நானும் பல வருஷம் அப்படிச் சிரித்தவன்தான். இப்போது சிரிப்பதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனுக்குக் கிழக்கே எஸ்ஸெக்ஸில் இருக்கிறது பேசில்டன். போர் முடிந்த பிறகு திட்டம் போட்டுக் கட்டிய புதுநகரம். 1980-இல் அங்கே சேர்ந்த நான்கு பையன்கள் வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், ஃபிளெட்ச்சர், பாட டேவ் கான். கோருக்கு வங்கியில் வேலை, ஃபிளெட்ச்சர் இன்சூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா, முதலில் பேஸ் கிதார் வாசித்துக்கொண்டிருந்தவர். கிதாரை ஓரமாக வைத்துவிட்டு எல்லோரும் சிந்தசைசருக்கு, அதாவது மின்சாரத்தில் ஒலியை உருவாக்கும் கீபோர்டுக்கு, மாறினார்கள், ஒரு பிரெஞ்சு ஃபேஷன் பத்திரிகையின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்கள். மியூட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு கம்பெனியை நடத்திய டேனியல் மில்லர் அவர்களைச் சேர்த்துக்கொண்டபோது பத்திரம் எதுவும் எழுதவில்லை. வாய்ப்பேச்சுதான், லாபத்தில் சரிபாதி. பல வருஷம் அப்படியே ஓடியது.

1981-இல் முதல் ஆல்பம், கூடவே 'ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்' ஹிட். அந்த வருஷ முடிவிலேயே பாட்டு எழுதிக்கொண்டிருந்த கிளார்க் விலகிவிட்டார். அவருக்கு ஒன்றும் குறையவில்லை, யாஸூ, பிறகு இரேஷர் என்று வேறு குழுக்கள் தொடங்கி அங்கேயும் ஹிட் கொடுத்தார். இங்கே மிச்சம் மூன்று பேர், வயது இருபதுக்குப் பக்கம். வாயே திறக்காத கோர் எழுத ஆரம்பித்தார். மேடையில் வாசிக்க ஆள் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள், இருபத்தொரு வயதுக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை, இருபத்திரண்டு வயது ஆலன் வைல்டர் வயதைக் குறைத்துச் சொல்லி வந்து சேர்ந்தார். (நல்ல பொய்.)

இசை என்று மட்டும் பார்த்தால் இதற்குப் பிறகான பத்து வருஷத்தில் நான் முதலில் கும்பிடுவது வைல்டரைத்தான். கிடைத்த இரும்பையும் குழாயையும் தட்டிப் பதிவுசெய்து, அதையே தாளமாக்கிய 1983 ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். பெர்லின் சுவருக்குப் பக்கத்தில் இருந்த ஹன்சா ஸ்டூடியோவின் குளிர் அந்தக் காலப் பாட்டுகளில் அப்படியே ஏறியிருக்கும். 'என்ஜாய் த சைலன்ஸ்' கதை தெரியுமா? கோர் கொண்டுவந்த டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, வெறும் ஹார்மோனியமும் குரலும், மெதுவாக, கிட்டத்தட்ட ஒப்பாரி மாதிரி. இதை வேகமாக்கினால் என்ன என்று கேட்டவர் வைல்டர். கோருக்கு முதலில் பிடிக்கவில்லை, அமைதியைப் பற்றிய பாட்டுக்கு எதற்கு ஆட்டம் என்பது அவர் கட்சி. தயாரிப்பாளர் ஃப்ளட் வைல்டர் பக்கம் நின்றார். 1990-இல் வந்த 'வயலேட்டர்' ஆல்பத்தில் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த வடிவம் அதுதான்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1988 ஜூன் 18, கலிஃபோர்னியாவில் பாசடீனாவின் ரோஸ் பௌல் மைதானம், அந்த டூரின் 101-ஆவது நிகழ்ச்சி, அறுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். சின்னப் பசங்களின் சுவரொட்டிக் குழு என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்த ஆங்கிலேயப் பத்திரிகைகளுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும். அந்த டூரைப் பற்றிய ஆவணப்படத்தில் ஃபிளெட்ச்சரே சொல்வார்: மார்ட்டின் எழுதுகிறார், ஆலன் நல்ல இசைக்கலைஞர், டேவ் பாடுகிறார், நான் சும்மா சுற்றுகிறேன் என்று. அவரே சொன்னதுதானே என்று எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்தக் குழுவுக்கு வெகுகாலம் தனியாக மேனேஜர் கிடையாது. ஒப்பந்தங்களைப் படித்தவர், கணக்குப் பார்த்தவர், டூர் எத்தனை நாள் எங்கே என்று உட்கார்ந்து பேசியவர், பேட்டிக்குப் போனவர் எல்லாம் இந்தச் சும்மா சுற்றிய ஆள்தான். மனசில் இருப்பதைச் சொல்லாத கோர் ஒரு பக்கம், பொங்கிக்கொண்டே இருக்கும் கான் இன்னொரு பக்கம், நடுவில் இவர். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? ஒரே சுருதி, ராத்திரி முழுக்க. 'ஒத்து ஊதாதே' என்று அதையே திட்டாகவும் ஆக்கிவிட்டோம்.

வைல்டருக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. 1995-இல் விலகியபோது, வேலைச்சுமை சமமாக இல்லை, உழைப்புக்கு மதிப்பும் இல்லை என்று அறிக்கையிலேயே சொன்னார். அவர் ஆதங்கம் நியாயம்தான், ஸ்டூடியோவில் ராப்பகலாக உழைத்தவர் அப்படித்தான் பேசுவார். அவர் போனதில் அந்தக் குழு இழந்தது கொஞ்சமல்ல. 1997-க்குப் பிறகு வந்த ஆல்பங்களில் நான் திரும்பத் திரும்பக் கேட்பவை ஒரு கை விரலுக்குள் அடங்கும், சண்டைக்கு வராதீர்கள்.

ஆனாலும் குழு உடையவில்லையே. மனநிலை சரியில்லாததால் 1994 டூரின் கடைசிக் கட்டத்துக்கு ஃபிளெட்ச்சரே போகவில்லை. 1996 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் போதைமருந்தால் கானின் இதயம் இரண்டு நிமிஷம் நின்று திரும்பியது. இத்தனைக்கும் பிறகு 1997-இல் 'அல்ட்ரா' வந்தது. 2005-இல் கானும் தன் பாட்டுகளை ஆல்பத்துக்குள் கொண்டுவந்தார். பாட்டு யாருடையது என்பதுதான் பெரும்பாலான குழுக்கள் உடைகிற இடம், அதையும் தாண்டினார்கள். அதில் நடுவில் இருந்த ஆளுக்குப் பங்கே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

2022 மே 26, ஃபிளெட்ச்சர் போய்விட்டார். வயது 60. அடுத்த ஆல்பத்துக்கு 'மெமென்டோ மோரி', அதாவது சாவு உண்டு என்பதை மறவாதே, என்ற பெயர் அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. இனி நாங்களே ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசியாக வேண்டியிருக்கிறது என்கிற மாதிரி கோரும் கானும் பேட்டிகளில் சொன்னார்கள். நாற்பது வருஷம் ஒரே குழுவில் இருந்தவர்கள்! இதைப் படித்த அன்றுதான் நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

2023 டூரில் 'வேர்ல்ட் இன் மை ஐஸ்' பாட்டை அவருக்கு அர்ப்பணித்தார்கள். பின்னால் பெரிய திரையில் அவர் முகம். அந்தப் பாட்டில் ஃபிளெட்ச்சர் வாசித்தது எந்த ஒலி என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குத் தெரியாது.