முதல் துப்பாக்கிக்கு .177 போதும்

ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) வாங்குவது பற்றிய உங்கள் கட்டுரையில் '.22-தான் பவர், முதல் ஏர் ரைஃபிளே அதுவாக இருக்கட்டும்' என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். இந்தியாவில் அது சரிப்படாது. 2016 ஆயுத விதிகளின்படி .177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. குழல் விட்டமும் 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றலும் இருந்தால்தான் லைசென்ஸ் தொல்லை இல்லை. .22 என்பது 5.5 மி.மீ. ஆயிற்றே!

பேப்பர் டார்கெட்டுக்குப் பவர் எதற்கு? துல்லியம்தானே வேண்டும்! 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்கான வட்டமே அரை மில்லிமீட்டர்தான். கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடுவதும் 4.5-தான். தட்டைத்தலை பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) வாங்குங்கள், பேப்பரில் ஓட்டை சுத்தமாக விழும்.

ஸ்பிரிங் மாடல் மலிவு, ஆனால் குண்டு குழலை விட்டுப் போகுமுன்பே உள்ளே காற்றை அழுத்தும் பிஸ்டன் ஓடி உதறும். இறுக்கிப் பிடித்தால் குறி சிதறும். முன்கட்டையை உள்ளங்கையில் சும்மா தாங்கினால் போதும். முன்னும் பின்னும் உதறுவதால் சாதாரண ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) சீக்கிரம் கெட்டுவிடும். குண்டில்லாமல் 'டப்' என்று சுட்டுப் பார்க்கவும் கூடாது, பிஸ்டன் அடிவாங்கும். முன்கூட்டியே காற்றடைத்து வைக்கும் பி.சி.பி. மாடலில் இந்த உதறல் கிடையாது, ஆனால் துப்பாக்கியோடு காற்றடிக்கும் பம்புக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

தோட்டத்து மயிலை விரட்டலாமா என்று கட்டுரைக்குக் கீழே கேட்டிருந்த நண்பருக்கு: சுட்டால் வனத்துறை வழக்குதான், எந்தக் காலிபராக (குழல் விட்டமாக) இருந்தாலும்.